பனி காணா மண்ணில் காலம் தேடியவர்

தமிழ் மண்ணின் தொன்மையைப் பாடாத கவிஞர் அரியர். அத்தொன்மைக்குக் கல்லையே சான்றாக எடுத்துக் காட்டியவரோ கடல் கடந்து வந்த ஓர் ஆங்கிலேயர். இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் அவ்வறிஞர் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் பணியாற்ற வந்தார். 1862இல் அவர் மணந்த எலிசபெத், பீட்டர் பெர்சிவலின் மகளாவார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவரும் அப்பெர்சிவலே.

அக்காலத்து ஐரோப்பாவில் மனிதனின் வயது பெரும் வழக்காக இருந்தது. மலைச்சரிவில் உறைந்து மெல்ல நகரும் பனியாறுகள் ஒருகாலத்தில் பள்ளத்தாக்குகளை நிரப்பிப் பரவியிருந்தன என்பதை 1840இல் லூயி அகாசி தம் நூலில் விளக்கினார். குளிர் மிகுந்தபோது பனியாறு கீழே நீண்டது. வெம்மை கூடியபோது மேலே சுருங்கியது. அது இழுத்து வந்து ஒதுக்கிய கற்குவியல்களே அதன் பழைய எல்லைகளைக் காட்டின. பிரான்சின் சோம் ஆற்றுப் படிவுகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்பதை 1859இல் ஆங்கில அறிஞர்கள் ஏற்றனர். பனியுகத்தின் சுவடுகள் அங்கே காலம் கணிக்கத் துணை நின்றன.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியொன்றில் ஃபூட்டின் கைக்கு ஒரு கற்கருவி கிட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சென்றபோது, கொசஸ்தலையாற்றின் அருகே அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அவை மனிதன் செய்தவை என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் காலத்தை எதைக்கொண்டு அளப்பது? இங்கே பனியாறும் இல்லை. அது ஒதுக்கிய கற்குவியலும் இல்லை. கருவிகள் கிடந்தது செம்புரைக்கல் சரளையில்.

எனவே அவர் நிலத்தையே ஏடாகக் கொண்டார். சென்னைக்கும் வடஆர்க்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை நடந்து நடந்து வரைபடமாக்கினார். திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் இலைச் சுவடுகள் பதிந்த களிக்கற் படிவுகளை ஆராய்ந்தார். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அப்படிவுகளை நிலவியலார் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றனர். அப்பழம்பாறையின்மேல் படிந்த இளைய செம்புரைக்கல்லை ஆழமற்ற கடல் விட்டுச்சென்றது என்று அவர் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. ஆயினும் எந்தக் கருவி எந்தப் படிவில் கிடந்தது என்று அவர் எழுதிவைத்த குறிப்பு நிலைத்தது. கருத்தையும் கண்டதையும் கலந்துவிடாமல் எழுதியதே அவருடைய பெருமை.

1891இல் ஓய்வு பெற்ற பின்னரும் பரோடாவிலும் மைசூரிலும் பணி தொடர்ந்தது. வாழ்நாள் முழுவதும் திரட்டியவற்றை 1904இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. அவற்றின் விளக்கப் பட்டியல் அச்சேறுமுன்பே, 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற வினாவுக்கு விடையாகப் பனியாற்றுக் கணக்கையே கொண்டுவர முயன்றவர்கள் பின்னர் வந்தனர். ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் நான்கு முறை பெருகின என்று பெங்க்கும் புரூக்னரும் வகுத்திருந்தனர். 1935இல் காசுமீரத்தில் ஆய்ந்த டி டெர்ராவும் பேட்டர்சனும் இமயத்திலும் அவ்வாறே நான்கு பெருக்கங்களைக் கண்டு, சென்னைப் பகுதியின் ஆற்றுப் படிவுகளையும் அதனோடு பொருத்திப் பார்த்தனர். அப்பொருத்தம் நிற்கவில்லை. பின்னர்ப் பெருகிய பனியாறு முன்னதன் சுவடுகளைப் பெரும்பாலும் துடைத்துவிடும். ஆழ்கடல் வண்டலோ நான்கைவிடப் பன்மடங்கு சுழற்சிகளைக் காட்டியது. இமயத்தின் சில பள்ளத்தாக்குகளில் பனியாறுகள், உலகக் குளிர் உச்சத்தை எட்டிய சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பன்றி, அதற்கும் முன்னரே மிகப் பெரிதாயின. குளிர் மட்டுமன்றிப் பருவமழை தரும் ஈரமும் பனியாற்றை வளர்ப்பதே அதன் காரணம்.

அத்திரம்பாக்கம் தன் வயதைத் தன் மண்ணிலிருந்தே சொல்லிற்று. சாந்தி பாப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, விண்கதிர் பட்ட கல்லின் தடயத்தையும் மண்ணில் உறைந்த காந்தத் திசையையும் அளந்து, 2011இல் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என அறிவித்தனர். பனி உழுது அழிக்காத நிலம் தன் பழங்கணக்கைக் காத்து வைத்திருந்தது.

இன்று திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றின் அடித்தளத்துக்குத் தோண்டிய மண் மீண்டும் படிவாவதில்லை. படிவு குலைந்தால் அதிலுள்ள கல் பேசாது. எந்தப் படிவு என்று குறித்துவைத்த ஃபூட்டின் பொறுமை ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் தேவைப்படுகிறது. பழமொழி தொகுத்த பெர்சிவல் 1882இல் மறைந்த ஏற்காட்டிலேயே, கல் தொகுத்த மருமகனுக்கும் நினைவுக்கல் உள்ளது. மக்கள் வாயில் கிடந்ததை ஒருவரும், மண்ணில் கிடந்ததை ஒருவரும் அழியாமல் எடுத்துவைத்தனர். தமிழ் இருவருக்கும் கடன்பட்டது.