நிலம் அளந்த லாம்டன்

அளக்கப் புகுவோன் முதலில் இடம் தேர்தல் வேண்டும். இடம் பிழைத்தால் அளவும் பிழைபடும். இதனை நன்குணர்ந்தவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர்.

தென்னாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளக்க அவர் 1802-ஆம் ஆண்டில் முற்பட்டார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தைச் செவ்வையாக அளந்துவிட்டால், மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டே கணக்கிடலாம். அம்முதற்பக்கத்துக்கு நெடிய சமவெளி ஒன்று தேவைப்பட்டது. அந்நாளில் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்திருந்த பரங்கிமலையை அடுத்து, பெரும்பாக்கம் நோக்கிச் செல்லும் ஏழரை மைல் நிலத்தை அவர் தேர்ந்தார். இருபுறமும் குன்றுகள் இருந்தமையால் தொலைவிலிருந்து நோக்குதற்கும் அவ்விடம் வாய்ப்பாயிற்று.

ஏப்ரல் 10-ஆம் நாள் வேலை தொடங்கியது. கடுங்கோடை! நூறடி எஃகுச் சங்கிலி வெப்பத்தால் நீளுமன்றோ? ஆதலின் அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, நீட்சியைக் கணக்கிட்டு அளவைத் திருத்தினார். இங்கு நேரும் சிறுபிழை முக்கோணந்தோறும் தொடர்ந்து பெருகும் என்பதை அவர் அறிவார். அங்கிருந்து அளவை கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றது.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. எனவே கோயில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரியகோயிலின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதி உருக்குலைந்தது. பிறர் மனமுடைந்திருப்பர். லாம்டனோ கூடாரத்துள் ஆறு வாரம் தங்கி, அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டு மீண்டும் அளக்கலானார். 1823-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், வடக்கே இங்கண்காட் என்னும் ஊரில், அளவைப் பயணத்தின் இடையே அவர் உயிர் நீத்தார்.