சிறிய மணி கிடைத்த சிறுவன்

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் மார்ச் 1 குழந்தைகளின் நாள். பள்ளிப் பிள்ளைகள் மாட்டு மணிகளை ஒலித்தபடி ஊர்வலம் சென்று குளிர்காலத்தை விரட்டுவார்கள். ‘சலாந்தமார்ட்ஸ்’ எனப்படும் இவ்விழாவை உலகறியச் செய்த ஓவியர் அலோய்ஸ் காரிஜியெட்.

இவர் 1902இல் திருன் என்னும் மலைக்கிராமத்தில், பதினொரு பிள்ளைகள் கொண்ட விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1911இல் பிழைப்பு தேடி அக்குடும்பம் கூர் நகருக்குப் பெயர்ந்தது. அலங்கார ஓவியம் பயின்ற காரிஜியெட், சூரிச் நகரில் விளம்பர ஓவியராகவும் மேடை வடிவமைப்பாளராகவும் புகழ் பெற்றார். ஆயினும் 1939இல் நகர வாழ்வைத் துறந்து மலைக்கே திரும்பினார்.

செலினா ஷோன்ஸ் எழுதிய உர்ஸ்லியின் கதைக்கு அவர் வரைந்த படங்களுடன் 1945இல் நூல் வெளிவந்தது. உர்ஸ்லிக்குக் கிடைப்பதோ மிகச் சிறிய மணி. அப்படியானால் ஊர்வலத்தில் கடைசி இடம்தான். கோடைக் குடிலில் தொங்கும் பெரிய மணியை எடுத்துவர அவன் பனியில் தனியே மலையேறுகிறான். மகனைக் காணாத பெற்றோர் இரவெல்லாம் தவிக்கின்றனர்.

ஏற்றத்தாழ்வை எண்களால் அளப்பதையே நான் ஆண்டுக்கணக்கில் கற்பித்தேன். உர்ஸ்லி அதைக் கையிலுள்ள மணியின் அளவைக் கொண்டே உணர்ந்துவிடுகிறான். குழந்தைகளை மகிழ்விக்கும் விழாவே அவர்களை வரிசைப்படுத்தவும் செய்கிறது. வறுமையால் ஊரைவிட்டுச் சென்ற ஒருவருக்கு அந்தக் கடைசி இடத்தின் வலி தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

குழந்தை நூல் ஓவியத்துக்கான ஆண்டர்சன் விருதை 1966இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. 1985இல் பிறந்த ஊரான திருனிலேயே மறைந்தார். விழா நடத்தும் பெரியவர்கள் ஊர்வலத்தின் முன்வரிசையைக் கண்டு மகிழும்போது, கடைசியில் வரும் குழந்தையின் முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.