தன் இலிகிதரை இழக்கத் துணிந்த கணக்காளர்



இந்நாட்டில் வேலை விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், எம்மை அறிந்த இருவரின் பெயர்களைக் கேட்பார்கள். அகதியாக வந்த புதிதில் அந்த இடத்தில் என் பேனா நின்றுவிடும். ஊரில் பட்டமும் கணக்காளர் உத்தியோகமும் இருந்தன. ஆனால் இங்கே என்னை அறிந்தவர் யார்? சில வருடங்கள் களஞ்சியசாலையொன்றில் பெட்டி தூக்கினேன். அவ்வேலையை விட்ட பின்பு ஒருநாள், அங்கிருந்த பழைய மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். ஓரிடத்தில் கணக்குப் பகுதியில் வெற்றிடம் இருக்கிறது, விண்ணப்பியுங்கள், என் பெயரையும் போடுங்கள் என்றார். அன்று எனக்கு நினைவில் வந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலுக்கு அருகே வளர்ந்தவர். தகப்பனார் துணிக்கடையொன்றில் கணக்கு எழுதினார். பள்ளியில் கெட்டிக்காரனாக விளங்கிய பிள்ளை, கல்லூரிக்குப் போனதும் கணிதத்தைத் தவிர வேறு பாடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. உதவிப் பணம் நின்றது. கும்பகோணத்திலும், பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படிப்பு முடியாமலே போயிற்று. 1909இல் திருமணமும் ஆகிவிட்டது. கையில் பட்டமுமில்லை, தொழிலுமில்லை. இருந்தவை கணித சூத்திரங்கள் நிறைந்த குறிப்புப் புத்தகங்கள் மாத்திரமே.

1910இல் அவர் திருக்கோயிலூருக்குச் சென்று, உதவிக் கலெக்டர் இராமசாமி ஐயரிடம் இலிகிதர் வேலை ஏதாவது தரும்படி கேட்டார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடக்கியவர் இவர். குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தவர் வேலை கொடுக்க மறுத்துவிட்டார். இத்தகைய ஒருவரைக் கந்தோர்க் கோப்புகளுக்குள் புதைப்பது பாவம் என்று கருதிச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அனுப்பிவைத்தார். அவ்வழியே அறிமுகமான நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபா தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து வந்தார். ஆனால் பிறர் தயவில் காலம் தள்ளுவது இராமானுஜனுக்குப் பொறுக்கவில்லை. கணக்குத் தலைமை அதிகாரியின் கந்தோரில் சில வாரங்கள் 20 ரூபாச் சம்பளத்துக்கு வேலை செய்தார். பின்னர் 1912 பெப்ரவரியில், மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவரின் சிபார்சுக் கடிதத்தையும் இணைத்து, சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். மார்ச் 1ஆம் திகதி 30 ரூபாச் சம்பளத்தில் கணக்குப் பகுதி இலிகிதரானார்.

அங்கே அவருக்கு மேலிருந்தவர் தலைமைக் கணக்காளர் நாராயண ஐயர். அவரும் கணிதம் கற்றவர். கணிதச் சங்கத்தின் பொருளாளர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுப் பலகையுடன் உட்கார்ந்துவிடுவார்கள். இராமானுஜன் பத்துப் படிகளை இரண்டே படிகளில் தாண்டிவிடுவார். பிறருக்கு விளங்கும்படி ஒவ்வொரு படியையும் எழுதும்படி நாராயண ஐயர் வற்புறுத்துவார். கழகத் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங் ஒரு பொறியியலாளர். இந்த இலிகிதரின் பெருமையை அவருக்கு எடுத்துச் சொன்னவரும் நாராயண ஐயரே.

இவ்விருவரும் தந்த ஊக்கத்தில் இங்கிலாந்திலுள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதங்கள் போயின. முதலில் எழுதிய இருவரிடமிருந்து ஒரு பயனும் கிட்டவில்லை. மீண்டும் எழுதினார்கள். 1913 ஜனவரி 16ஆம் திகதியிட்ட கடிதம் கேம்பிறிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போனது. தாம் துறைமுகக் கழகத்தில் வருடம் 20 பவுண் சம்பளம் பெறும் இலிகிதர் என்றே இராமானுஜன் அதில் தம்மை அறிமுகம் செய்தார். ஹார்டி அவரின் திறமையை உணர்ந்தார். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை வழங்க, இராமானுஜன் துறைமுகக் கந்தோரை விட்டு வெளியேறினார்.

நல்ல இலிகிதர் ஒருவர் போய்விட்டார் என்று ஸ்பிறிங் வருந்தியிருக்கலாம். அத்துடன் கைகழுவியும் இருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1914 பெப்ரவரியில், இராமானுஜன் தமது கந்தோரில் வேலை செய்யாத காலத்தில், இங்கிலாந்துப் பயணத்துக்கான பணத்துக்கு ஆதரவு தேடி ஆளுநரின் செயலாளருக்கு எழுதினார். வருடம் 250 பவுண் உதவித்தொகை கிடைத்தது. மார்ச் 17ஆம் திகதி இராமானுஜன் கப்பலேறினார்.

அதன் பின் நடந்தவை உலகறிந்தவை. 1918இல் றோயல் சங்க உறுப்பினரானார்; அதே ஆண்டு திரினிற்றிக் கல்லூரியும் அவரைத் தன் ஆய்வுறுப்பினராக்கியது. குளிரும், யுத்தகால உணவுத் தட்டுப்பாடும், தனிமையும், நோயும் அவரை வாட்டின. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் திகதி 32 வயதில் காலமானார். நாடு திரும்புமுன் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுண் வழங்க முன்வந்தது. பெற்றோருக்கும் தம் தேவைக்கும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைகளினதும் படிப்புக்குச் செலவிடும்படி அவர் எழுதினார். ஏணி தந்தவர்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நாராயண ஐயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? நல்ல வேலைக்காரனை விட்டுவிட எந்த மேலதிகாரிக்கும் மனம் வராது. கணக்கெழுதும் தொழிலில் இருபது வருடம் கழித்த எனக்கு அது நன்றாகத் தெரியும். அவருக்கோ தம் பேரேட்டை விட அந்தப் பிள்ளையின் எதிர்காலம் பெரிதாகப் பட்டது.

எங்களில் பலர் இன்று ஓரளவு நல்ல உத்தியோகங்களில் இருக்கிறோம். நேற்று வந்த பிள்ளையொன்று விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறது. கேட்க அதற்குக் கூச்சம். அது கேட்கும்வரை நாங்களும் காத்திருக்க வேண்டுமா?

அந்தப் பழைய மேலாளர் சொன்ன வேலை எனக்குக் கிடைத்தது. நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அவராகவே அழைத்தார்.