அகமத்நகரைக் காத்த சாந்த் பீவி

ரிங்லெட் அணைத் திட்டத்திற்காக 1960-களில் நமது கேமரன் மலையைக் குடைந்து நீர்ச் சுரங்கங்கள் வெட்டப்பட்டன என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். பாறையைக் குடைந்து வெடிமருந்தைத் திணித்துத் தகர்க்கும் அந்த வித்தை, கோட்டைகளை வீழ்த்தவும் ஒரு காலத்தில் பயன்பட்டது. அதனை எதிர்த்து நின்று அழியாப் புகழ் பெற்ற சாந்த் பீவி சுல்தானாவின் சரித்திரத்தை இவ்விதழில் தருகிறோம்.

1550-ஆம் ஆண்டளவில் பிறந்த இவ்வம்மையார், தக்காணத்தில் அகமத்நகரை ஆண்ட ஹுசைன் நிஜாம் ஷாவின் புதல்வியாவார். பிஜப்பூர் சுல்தான் அலி ஆதில் ஷாவுக்கு மணம் முடிக்கப்பட்டார். 1580-இல் கணவர் கொலையுண்டார். ஒன்பது வயதுப் பாலகர் இப்ராஹீம் பட்டத்துக்கு வர, அவருக்காக ஆட்சியை நடத்தும் பொறுப்பு பீவியின் தலையில் விழுந்தது. அமைச்சன் ஒருவன் அவரைப் பிடித்துச் சதாராக் கோட்டையில் அடைத்தான், மற்றொருவர் மீட்டார். பதவிப் போட்டியின் கசப்பையெல்லாம் அங்கேயே பார்த்துவிட்டுத்தான் பிறந்த ஊருக்குத் திரும்பினார் என்று சொல்ல வேண்டும்.

பிறந்த ஊரிலும் அதே கூத்துதான். 1595-இல் வாரிசுச் சண்டை மூண்டபோது, மியான் மஞ்சு என்ற தலைவர் தம் கட்சிக்குப் பலம் தேடி, அக்பரின் மகன் இளவரசர் முராதைத் துணைக்கு அழைத்தார். வீட்டுத் தகராறுக்கு வெளியாளை அழைத்தால் என்ன ஆகும்? படை வந்து சேர்ந்தபோது அழைத்தவரே மனம் மாறி ஊரைவிட்டு விலகிவிட்டார். கோட்டைக்குள் எஞ்சியது பீவிதான். தம் சகோதரரின் பேரனான பகதூர் என்னும் குழந்தையே மன்னர் என்று அறிவித்து, காவலைத் தாமே ஏற்றார்.

டிசம்பரில் முற்றுகை தொடங்கியது. பீரங்கிக்கு மதில் அசையாததால் மொகலாயர் மண்ணுக்கடியில் இறங்கினர். பதுங்கு குழியிலிருந்து மதிலின் அடிவாரம்வரை குடைந்து, அங்கே வெடிமருந்தை நிரப்பி, திரி செல்ல மட்டும் வழி விட்டு, மீதியைக் கல்லாலும் மண்ணாலும் அடைப்பார்கள். வாய் அடைபட்ட மருந்தின் வேகம் மேல்நோக்கிப் பாய்ந்து மதிலைத் தூக்கி எறியும். இவ்வாறு ஐந்து சுரங்கங்கள் தயாராயின.

1596 பிப்ரவரியில், வெடிவைப்பதற்கு முந்தைய இரவு, மொகலாயர் பாளயத்திலிருந்த குவாஜா முகம்மது கான் ஷீராஸி என்பவர் பரிதாபப்பட்டு இச்செய்தியைக் கோட்டைக்குள் சொல்லிவிட்டார். பீவி உடனே ஆட்களை ஏவி, உள்ளிருந்து எதிர்க்குழி தோண்டச் செய்தார். இரண்டு சுரங்கங்கள் அகப்பட்டு அழிக்கப்பட்டன. மூன்றாவதான பெரிய சுரங்கத்திலிருந்து மருந்தை வெளியேற்றிக்கொண்டிருந்தபோதே இளவரசர் திரியைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். தளபதி கான்-இ-கானானுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வெற்றியின் பெயர் தமக்கே வேண்டுமென்ற அவசரம். ஏறத்தாழ ஐம்பது கெஜ நீளம் மதில் சரிந்தது. தோண்டியவர்கள் பலர் மாண்டனர். காவலர்கள் ஓடத் தொடங்கினர்.

அவ்வேளையில் கவசம் தரித்து, முகத்திரையுடன், உருவிய வாளோடு பீவி அந்தப் பிளவுக்கே வந்து நின்றார். ஓடியவர்கள் வெட்கித் திரும்பினர். மொகலாயரோ மற்றச் சுரங்கங்களும் வெடிக்கட்டும் என்று காத்திருந்தனர். அவைதாம் செயலற்றுப் போயினவே! அந்தத் தாமதம் பீவிக்குப் போதுமாயிருந்தது. மாலைவரை நடந்த போரில் அகழி பிணங்களால் நிறைந்தது. குண்டு தீர்ந்ததும் செம்பு, வெள்ளி, பொற்காசுகளைக்கூடப் பீரங்கியில் இட்டுச் சுட்டதாகப் பிற்காலத்தார் சொல்வர். காசின் அருமை தெரிந்த நமக்கு அக்கதை சுவையானதுதான். ஆயினும் அன்றிரவே அவர் செய்த காரியத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். கூடவே நின்று வேலை வாங்கி, விடியுமுன் அந்தப் பிளவில் ஆள் உயரத்துக்கும் மேலாகச் சுவர் எழுப்பிவிட்டார்.

பிஜப்பூரிலிருந்து உதவிப் படையும் புறப்பட்டிருந்தது. பேரார் நாட்டைப் பெற்றுக்கொண்டு முராது சமாதானமாகத் திரும்பினார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1600-இல், இளவரசர் தானியால் மீண்டும் முற்றுகையிட்டார். இம்முறை உள்ளே ஒற்றுமை இல்லை. கோட்டையை ஒப்படைத்துவிட்டு, இளம் மன்னரைப் பத்திரமாக ஜுன்னாருக்குக் கொண்டுபோகலாம் என்பது பீவியின் யோசனை. ஹமீது கான் என்பவன் அதைக் கேட்டதும், அம்மையார் பகைவருக்கு விலைபோய்விட்டதாகத் தெருவெங்கும் கூவினான். விசாரிக்க ஒருவருமில்லை. கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து அவரைக் கொன்றது.

சில நாட்களில் மொகலாயர் சுரங்கங்களுக்குத் தீ வைத்தனர். இம்முறை எதிர்க்குழி தோண்டச் சொல்லவும், பிளவில் வந்து நிற்கவும் எவருமில்லை. மதில் பெயர்ந்து, ஆகஸ்டில் கோட்டை வீழ்ந்தது. குழந்தை மன்னர் பகதூர் குவாலியர் கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.