கிளெமென்ஸ் வொன் பிர்கே

கிளெமென்ஸ் வொன் பிர்கே (மே 12, 1874 - பெப்ரவரி 28, 1929) ஆஸ்திரியாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் நோயெதிர்ப்பியலாளரும் ஆவார். ஒவ்வாமையைக் குறிக்கும் அலர்ஜி என்னும் சொல்லை 1906 இல் உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்ஸ்டெட்டனில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். விண்வெளிப் பயண ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான கைடோ வொன் பிர்கே இவரது தம்பி. இறையியலும் மெய்யியலும் பயின்ற பின்னரே மருத்துவத்தின் பக்கம் திரும்பி, 1900 இல் கிராத்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னா குழந்தைகள் மருத்துவமனையில் தியோடர் எஷெரிக்கின் கீழ் பணியாற்றினார்.

ஊநீர் நோய்

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் ஊநீரைக் குழந்தைகளுக்கு ஊசி மூலம் செலுத்துவர். உயிர் காத்த அம்மருந்தே சில குழந்தைகளுக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டு வலி ஆகியவற்றைத் தந்தது. முதல் ஊசிக்குப் பின் இவை தோன்ற ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் ஆயின. மறுமுறை செலுத்தியபோதோ மிக விரைவில் தோன்றின. ஊநீர் நஞ்சாக இருந்திருந்தால் இந்த இடைவெளிக்கு விளக்கமில்லை. உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகள் ஊநீருடன் வினைபுரிவதே நோய்க்குக் காரணம் எனப் பிர்கே முடிவு செய்தார். காக்கும் ஆற்றலே கேடும் செய்யும் என்பது அன்றைய மருத்துவர்கள் பலருக்கு ஏற்கத் தகாததாக இருந்தது. பேலா ஷிக் என்பவருடன் இணைந்து 1905 இல் இதனை நூலாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு, மாறுபட்ட வினை எனப் பொருள்படும்படி கிரேக்க வேர்களிலிருந்து அலர்ஜி என்ற சொல்லை அமைத்தார். அவர் கருதிய பொருளில் நோயெதிர்ப்பும் அடங்கும்; கேடான வினைக்கு மட்டும் உரியதாகச் சொல் சுருங்கியது பிற்காலத்தில்தான். தூசி, மகரந்தம் மட்டுமன்றிக் கரப்பான் பூச்சியும் ஒவ்வாமை தரும் என்பது 1964 இல் தோல் சோதனைகளால் காட்டப்பட்டது. அத்தகைய ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஈ என்னும் பிறபொருளெதிரி அறியப்பட்டது 1960களின் பிற்பகுதியில். இவை எதையும் அறியாமலேயே பிர்கே சரியான திசையைக் காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

தோல் சோதனை

1907 இல் காசநோய்த் தொற்றை அறியும் எளிய சோதனையை வெளியிட்டார். முன்கையில் ஒரு துளி டியூபர்குலின் இட்டுத் தோலைச் சிறிது கீறினால், தொற்று உள்ளவருக்கு ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்து தடிக்கும். நோய்க்குறி ஏதுமற்ற குழந்தைகள் பலரிடமும் இவ்வாறு தொற்று வெளிப்பட்டது. தட்டம்மை கண்ட குழந்தைகளிடம் இவ்வினை சில நாட்கள் மறைந்துபோவதையும் 1908 இல் கண்டறிந்தார். வைரசு ஒன்று நோயெதிர்ப்பைத் தணிப்பது பற்றிய முதற் பதிவு இதுவே எனலாம். இத்தோல் வினையை நிகழ்த்துபவை பிறபொருளெதிரிகள் அல்ல, வெள்ளணுக்களே என்பது 1940களில் தெளிவாயிற்று.

பிற்காலம்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதல் குழந்தை மருத்துவப் பேராசிரியராகவும், பின்னர் பிரெஸ்லாவிலும் சிறிது காலம் பணியாற்றினார். 1911 இல் எஷெரிக்கின் இடத்துக்கு வியன்னா திரும்பினார். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியக் குழந்தைகள் பட்டினியால் வாடியபோது, அமெரிக்க உதவியுடன் நடந்த உணவளிப்புப் பணியை வழிநடத்தினார். ஒரு கிராம் பாலின் ஊட்டத்தை அலகாகக் கொண்ட நெம் என்னும் முறையால் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய உணவைக் கணக்கிட்டார். அம்முறை அவருக்குப் பின் நிலைக்கவில்லை.

நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் பரிசு கிட்டவில்லை. 1929 பெப்ரவரி 28 அன்று வியன்னாவில் இவரும் மனைவி மரியாவும் தம் உயிரை மாய்த்துக் கொண்டனர். அப்போது பிர்கேக்கு வயது 54.