முதல் பட்ஜெட்டில் பாதி ராணுவத்துக்கே போனது ஏன்? யார் இந்த கோவை சண்முகம் செட்டியார்?

ஒரகடம் பக்கத்தில் வல்லம் வடகாலில் விமான உதிரிபாகங்களுக்கென்றே தனி தொழிற்பூங்கா இருக்கிறது. இதுபோன்ற ஆலைகளுக்கு ராணுவ ஆர்டர் கிடைப்பது ஒரு கணக்கைப் பொறுத்தது: சம்பளம், பென்ஷன் போக ராணுவ பட்ஜெட்டில் மிச்சம் எவ்வளவு?

2025-26ல் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். இதில் புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. பென்ஷனுக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி!

சுதந்திர இந்தியாவில் ராணுவச் செலவு என்ற தலைவலியை முதலில் சந்தித்தவர் ஒரு தமிழர். பெயர் ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

யார் இவர்?

1892ல் கோவையில் பிறந்தவர். ஜவுளித் தொழில் குடும்பம். நீதிக்கட்சிக்காரர். மத்திய சட்டசபையின் தலைவராக இருந்தவர், 1934 தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டே கொச்சி சமஸ்தானத்தின் திவான் ஆனார். காங்கிரஸ்காரராக இல்லாதபோதும் நேரு அமைச்சரவையில் முதல் நிதி அமைச்சர் பதவி இவரைத் தேடி வந்தது.

அந்த பட்ஜெட்டில் என்ன நடந்தது?

1947 நவம்பர் 26. ஏழரை மாதத்துக்கான பட்ஜெட். மொத்தச் செலவு 197.39 கோடி, அதில் ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி. அதாவது 47 சதவீதம்.

குறைத்திருக்க முடியாதா?

உலகப்போர் முடிந்து, லட்சக்கணக்கான வீரர்கள் வீடு திரும்பிய நேரம் அது. செலவு தானாகவே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பிரிவினை வந்தது. ராணுவத்தையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டது. அகதிகளுக்கு 22 கோடி, உணவு தானிய மானியத்துக்கு 22.52 கோடி என மற்ற செலவுகளும் கையைக் கடித்தன. பட்ஜெட்டில் துண்டு விழுந்தது.

அப்போது அவர் போட்ட புதிய வரி, துணி, நூல் ஏற்றுமதி மீதானது. ஜவுளிக் குடும்பத்துக்காரரே ஜவுளி மீது வரி போட்டார்!

பிறகு என்ன ஆனார்?

வரி விசாரணைப் பட்டியலில் இருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில், 1948 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். தமிழிசை ஆர்வலரான அவர், சிலப்பதிகாரத்துக்கு உரையும் எழுதினார். 1953ல் காலமானார்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் ராணுவத்தின் பங்கு சுமார் 13 சதவீதம்தான். சண்முகம் செட்டியாருக்கு இருந்த பிரச்சினை, ராணுவத்துக்குப் போக நாட்டுக்கு என்ன மிஞ்சும் என்பது. இன்றைய பிரச்சினை, சம்பளம், பென்ஷன் போக ராணுவத்துக்கே என்ன மிஞ்சும் என்பது. ஒரகடத்தில் எத்தனை லேத் ஓடும் என்பதும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.