சின்னாளப்பட்டிக்குப் போன டாக்டர்

எனக்கு இது இறுதி ஆண்டு. விடுதியில் இரவு உணவு முடிந்து நாங்கள் கூடிப் பேசும்போதெல்லாம், படிப்பு முடிந்ததும் எங்கே போவது என்ற ஒரே கேள்வியில்தான் பேச்சு வந்து நிற்கிறது. ஒருவன் பெங்களூர் என்கிறான். ஒருவன் துபாய் என்கிறான். இன்னொருவன் இங்கேயே டெக்னோபார்க் போதும் என்கிறான். ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால், வேறு வழியற்றவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

என் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம். பொங்கலுக்குப் போயிருந்தபோது என் அப்பத்தா பழைய கதை ஒன்று சொன்னாள். தலைப்பிள்ளை வீட்டிலேயே பிறந்து, பிறந்த அன்றே இறந்துபோயிற்றாம். அடுத்த பிள்ளைக்கு அவளை வண்டி கட்டிக் கஸ்தூரிபா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்களாம். அந்தப் பிள்ளைதான் என் தந்தை. டாக்டரம்மா இல்லாவிட்டால் நீ ஏது, நான் ஏது என்று முடித்தாள் அப்பத்தா. நான் இன்று பல்கலைக்கழகத்தில் அமர்ந்து இதை எழுதுவதற்கு, ஒரு பட்டதாரி நகரத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்தது ஒரு காரணம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த டாக்டரம்மாதான் சௌந்தரம் அம்மையார். 1904இல், பின்னாளில் மதுரையில் பெரும் மோட்டார் நிறுவனத்தை வளர்த்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகப் பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் முடிந்தது. கணவர் ஒரு மருத்துவர். பிளேக் நோயாளிகளைக் காக்கப் போன அவர் அந்த நோய்க்கே பலியானார். இளம் விதவை என்றால் வீட்டின் மூலையே கதி என்றிருந்த காலம் அது. அம்மையாரோ மூலையில் முடங்கவில்லை. டெல்லி சென்று, லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

டெல்லியில்தான் ஜி. ராமச்சந்திரனை அறிந்தார். ராமச்சந்திரன் நம் திருவனந்தபுரத்துக்காரர், சாந்திநிகேதனில் தாகூரிடம் பயின்றவர், காந்தியடிகளின் தொண்டர். மொழி வேறு, சாதி வேறு. போதாக்குறைக்கு மணமகள் விதவை. பெற்றோர் எளிதில் இசைவார்களா? ஓராண்டு பிரிந்திருந்து பாருங்கள், அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணந்துகொள்ளுங்கள் என்பது காந்தியடிகளின் யோசனை. இருவர் மனமும் மாறவில்லை. 1940இல் சேவாகிராமத்தில் திருமணம் நடந்தது.

இனி அவர் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையிலோ மதுரையிலோ மருத்துவமனை வைத்திருக்கலாம். செல்வமும் செல்வாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் கஸ்தூரிபாவின் நினைவாக அமைந்த அறநிதியின் தமிழ்நாட்டுப் பொறுப்பை ஏற்று, கிராமப் பெண்களின் நலத்துக்கு உழைக்கப் புகுந்தார். 1947இல் சின்னாளப்பட்டியருகே கணவரும் மனைவியுமாகக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அவரது மருத்துவமனையில் முதலில் இருந்தவை இரண்டே படுக்கைகள். அதுவே பின்னர் சுற்றுவட்டாரமெங்கும் பெயர் சொல்லும் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் எழுந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

அரசியலும் அவரை அழைத்தது. 1952இலும் 1957இலும் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்திய கல்வித் துணை அமைச்சரும் ஆனார். 1967 தேர்தலில் தோல்வி. பதவி போனபின் டெல்லியில் தங்க வழி தேடுவோர் உண்டு. அம்மையாருக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. காந்திகிராமத்துக்கே வந்தார். 1984இல் மறையும்வரை அதுவே அவர் உலகம். ராமச்சந்திரனும் முதுமையில் நெய்யாற்றின்கரைக்குத் திரும்பி, அங்கும் தொண்டைத் தொடர்ந்து, 1995இல் காலமானார்.

அவர் பணக்கார வீட்டுப் பெண், அவரால் முடிந்தது, நம்மால் ஆகுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும்போது தியாகம் பேசுவது எளிதன்று. ஊரில் வேலை இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அம்மையார் வந்தபோது மட்டும் சின்னாளப்பட்டியில் வேலை காத்திருந்ததா? நோய் இருந்தது, அறியாமை இருந்தது, பிறந்த அன்றே மாண்ட குழந்தைகள் இருந்தன. குறை எங்கே இருந்ததோ அங்கேதான் வேலையும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் கண்ணை அவருக்குக் கல்வி தந்தது. பணம் தந்தது அன்று.

இன்னொன்றும் உண்டு. அவர் தாம் ஒருவரே உழைத்து ஓய்ந்துவிடவில்லை. கிராமத்துப் பெண்களையே கிராம சேவிகைகளாகப் பயிற்றுவித்தார். அந்தப் பெண்களிடம் செல்வமில்லை, செல்வாக்கில்லை. கற்றதைக் கொண்டு கிராமங்களிலேயே பணியாற்றினார்கள். நமக்கு முன்மாதிரியாக அம்மையார் மிக உயரத்தில் நிற்கிறார் என்றால், அந்தப் பெண்களை முன்மாதிரியாகக் கொள்வோமே!

நான் பயில்வது வணிகவியல். எங்கள் பக்கத்தில் நெசவாளர்கள் இருக்கிறார்கள், உழவர்கள் இருக்கிறார்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இலாபம் யாருக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலைக்கு எந்த நாளிதழிலும் விளம்பரம் வராது. முதலில் இரண்டாண்டு வெளியூரில் உழைத்துக் கடனை அடைக்க வேண்டியிருக்கலாம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியை மறந்துவிடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

சென்ற வாரம் விடுதியில் மீண்டும் அதே பேச்சு எழுந்தது. என் முறை வந்தபோது ஊருக்கு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் அமைதி. பிறகு தென்காசிப் பக்கத்து நண்பன் ஒருவன், தன் ஊரில் என்ன குறை என்று சொல்லத் தொடங்கினான்.